கிழித்து வாசித்த புத்தகம்

நான் பார்த்த வேலை தேதி சரிபார்ப்பது. சிவகாசியில் நடுத்தரமான ஒரு ஆஃப்செட் அச்சகத்தில், அடுத்த வருடத்துத் தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளையும் அச்சேறுவதற்கு முன்னால் படித்துப் பிழை திருத்துவேன். கிழமை, தமிழ்த் தேதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், சூலம், அன்றைய விரதம். ஒரு சஷ்டி ஒரு நாள் தள்ளி விழுந்தால் போதும், லாரியில் போன காலண்டர் லாரியிலேயே திரும்பி வரும். ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பங்களை வெளியிட்டதும் சீசன் தொடங்கும். அதன்பிறகு மார்கழி வரைக்கும் தலை நிமிர முடியாது. ஊரே ஐப்பசியில் இருக்கும்போது நான் மட்டும் அடுத்த வருடத்துப் பங்குனியில் இருப்பேன்.

எதையும் தேதியோடு நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இந்த வேலையால் வந்ததா, அந்தப் பழக்கம் இருந்ததால் இந்த வேலைக்கு வந்தேனா என்று தெரியவில்லை. அட்டை கோணலாகப் போன டைரிகள் அச்சகத்தில் சும்மா கிடைக்கும். அவற்றில் ஊர் நடப்பை எழுதி வைப்பேன். எந்த வருடம் மழை பிந்தியது, எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் வந்தது, எந்தப் பாலம் எப்போது திறந்தது. யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் காட்டியதில்லை. 2004-ஆம் வருடம் என் வீட்டுக்குள் நடந்ததை மட்டும் எதிலும் எழுதவில்லை. எழுதுகிற தெம்பு அப்போது இல்லை. இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்பு. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் டீச்சர், இளவயதுக்காரர், பிள்ளைகளை அடிக்காதவர் என்று பெயர். என்னை ஒரு சின்னப் பலகையில் உட்கார வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஒங்க பொண்ணு ஒண்ணாப்புத் தமிழ்ப் புத்தகம் முழுசும் வாசிப்பா சார். பாருங்க."

முதல் பாடத்தை எடுத்துக் கொடுத்தார். மகள் வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் வாசித்தாள். மூன்றாம் பாடம், ஐந்தாம் பாடம், எல்லாம் அப்படியே. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு டீச்சர் ஸ்கேலை வைத்துப் பக்கத்தை மறைத்து, நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தெரியும்படி பிடித்தார்.

"இது என்னம்மா?"

மகள் என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் அவள் உதடுகள் மெல்ல அசைவதைப் பார்த்தேன். பாடத்தின் முதல் வரியிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டு அந்தச் சொல்லுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். வந்தவள் அதைத் தாண்டியும் போய்விட்டாள். எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பாட்டு மாதிரி மனசுல ஏத்திக்கிட்டா சார்" என்றார் டீச்சர். "எழுத்து ஒண்ணும் அவளுக்குப் பிடிபடல. எங்க மேலயும் தப்பு இருக்கு, ஒண்ணாப்புல எல்லாரையும் சேர்ந்து கத்த வச்சே பழக்கிட்டோம். அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள எழுத்துக் கூட்டலைன்னா அடுத்த வருசமும் ரெண்டாப்புலயே உக்கார வைக்கணும்னு பெரிய டீச்சர் சொல்றாங்க."

அன்று மாலை மனைவி வேனை விட்டு இறங்கி வந்ததும் சொன்னேன். அவள் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். வெடிகளைத் திரியோடு சேர்த்துப் பின்னிப் பின்னி விரல் நுனிகளில் நூல் அறுத்த கோடுகள் இருக்கும். கை கழுவிக்கொண்டிருந்தவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"என்னயும் இப்படித்தான் நாலாப்புல ரெண்டாவது வருசம் ஒக்கார வச்சாக" என்றாள். "எங்கய்யா ஒரு வார்த்தைதான் கேட்டாரு. படிச்சதயே திரும்பப் படிக்கிறதுக்கு எதுக்குட்டி பள்ளிக்கூடம்னாரு. மறு வாரம் தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏத்திவிட்டுட்டாரு."

"இப்ப அப்படிச் சின்னப் பிள்ளைகள ஏத்த முடியாது."

"சின்னப் பிள்ளையில ஏத்த மாட்டாக. அப்படியே மூணாப்பு, நாலாப்புன்னு தடுமாறிக்கிட்டே போயி, பதினஞ்சு வயசுல வேன் வந்து வாசல்ல நிக்கும்ல. அப்ப ஏத்துவாக."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேசாமல் இருந்தபோதும் அந்தப் பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது. அரைப்பரீட்சை மார்கழியில் வரும்.

நான் முயற்சி செய்தேன். எனக்குப் புத்தகம் புதிதல்ல. கிளை நூலகத்தில் நான் எடுக்காத அலமாரி இல்லை. ரஷ்யக் கதையும் வங்காள நாவலும் தமிழில் வந்தவரை வாசித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் மகளுக்கு 'ப' என்றால் 'ப' என்று தெரியவில்லை. சிலேட்டு வாங்கி வைத்து உட்கார வைத்தேன். நாளெல்லாம் பொடி எழுத்தில் தேதி பார்த்துவிட்டு வந்த கண் எரியும். அவளுக்கும் நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த முதுகு வலிக்கும். இரண்டு பேருக்கும் தூக்கம் வரும். சிலேட்டில் நான் எழுதிய எழுத்தின்மேல் அவள் கண்ணீர் விழுந்து எழுத்து கரைந்தபோது, நானும் அழித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நூலகத்திலிருந்து படம் போட்ட ஒரு சிறுவர் புத்தகம் எடுத்து வந்தேன். ஒரே ஒரு தடவைதான் வாசித்துக் காட்டினேன். மறுநாள் அவளே விரல் வைத்து முழுவதும் வாசித்தாள். அந்த ஒரு நாள் நான் நிம்மதியாக இருந்தேன். அதற்கடுத்த நாள் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் புரண்டுவிட்டன. அவள் அது தெரியாமல் கிணற்றுப் படத்துக்குக் கீழே விரல் வைத்துக் குரங்கைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் தவணைக்கு முன்பே திருப்பிக் கொடுத்தேன்.

ஆடியில் சீசன் தொடங்கியது. அந்த நெருக்கடிக்குள்தான் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆர்டர் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள். மெல்லிசாக, பக்கம் முழுக்க நாலு கலரில் படம், அடியில் ஒரு வரி, கூடிப்போனால் இரண்டு. குழந்தைகள் தினத்துக்குள் வேண்டும். பின்னால் கேள்வி பதில் இல்லை, அருஞ்சொற்பொருள் இல்லை, கடைசியில் நீதி இல்லை. ஆர்டர் கொண்டுவந்தவர், பிள்ளைகள் சும்மா சந்தோஷத்துக்காக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம் என்று எங்கள் ஃபோர்மேனிடம் விளக்கிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் ஃபோர்மேன் என்னிடம் வந்தார். "பாடம் இல்ல, பரீட்சை இல்ல, நீதியும் இல்ல. அப்ப இத எவன் வாங்குவான் அண்ணாச்சி?"

"விக்கிறதுக்கு இல்லயாம். சும்மா குடுக்கப் போறாகளாம்."

"அதான பாத்தேன்" என்றார்.

புரூஃப் என் மேஜைக்கு வந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் யானை. கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரத்தைத் தின்னும் ஆடு. மழையில் நனைந்து கோபமாக இருக்கும் கோழி. அந்த வருடம் நான் பார்த்த புரூஃப்களில் சூலமும் எமகண்டமும் இல்லாதது அது ஒன்றுதான். பிழையே இல்லாத ஒரு வரியை மூன்று தடவை வாசித்துக்கொண்டிருந்ததைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். பிழை தேடாமல் நான் எதையாவது வாசித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போது தோன்றியது. நூலகத்துப் புத்தகங்களைக்கூடப் பென்சிலோடுதான் வாசித்துக்கொண்டிருந்தேன். அச்சுப்பிழை கண்டால் ஓரத்தில் சுழித்து வைப்பேன். இது ஒரு நோய் மாதிரி. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை, பக்கத்தில் ஆவணி மாத முகூர்த்த நாட்கள் காத்திருந்தன.

காலண்டர் வேலைகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்த ஒரு நாளில் அந்த ஷீட்டுகளை மெஷினில் ஏற்றினார்கள். சிறிய புத்தகங்கள் என்பதால் ஒரே பெரிய ஷீட்டில் பல கதைகளின் பக்கங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவசரத்தில் சிவப்பு விலகிவிட்டது. ஒவ்வொரு யானைக்குப் பக்கத்திலும் இன்னொரு சிவப்பு யானை, அரை விரல் தள்ளி நின்றது. ஒரு பக்கம் அடித்து முடித்தபின்தான் பார்த்தார்கள். ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஏற்கவில்லை. மறுபடியும் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய ஷீட்டுகள், பின்பக்கம் வெள்ளையாகவே, கழிவுத்தாள் மூலையில் கிடந்தன.

ஷீட் வகைக்கு ஒன்றாக எனக்கு ஒரு கட்டு வேண்டும் என்று கேட்டேன். "எடுத்துக்கோங்க அண்ணாச்சி, பழைய பேப்பர்காரன் கண்ணு படறதுக்குள்ள" என்றார் ஃபோர்மேன். வெட்டும் மெஷின்காரரிடம் கொடுத்தேன். கத்தி தேதித் தாள் அளவுக்கு வைக்கப்பட்டிருந்தது. அதை மாற்ற அவருக்கு நேரமில்லை. படமும் வரியும் வெட்டுப்படாமல் அந்த அளவுக்குள் அடங்கிப்போனதே பெரிது. மொத்தமாக அடுக்கி வெட்டியதில் எல்லாக் கதைகளின் பக்கங்களும் கலந்து போயின. பைண்டிங்கில் இருந்த அக்காவிடம், இதைப் புத்தகமாகத் தைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் பைண்டிங்குக்குப் போனபோது அவர் எடுத்து நீட்டியது புத்தகம் அல்ல. காலண்டர். ஏதோ ஒரு பாத்திரக்கடைக்காக அடித்து மிஞ்சிய, லட்சுமி படம் போட்ட அட்டை. அதன் கீழ்ப்பாதியில், தேதிக் கட்டு இருக்க வேண்டிய இடத்தில், படத் தாள்களை வைத்து மேலே பின் அடித்துத் தகரப் பட்டை போட்டிருந்தார்.

"என்னக்கா, புத்தகமாத் தைக்கச் சொன்னா காலண்டரா அடிச்சு வச்சிருக்கீக?"

"கை பழகிப் போச்சு அண்ணாச்சி. காலையிலருந்து இதத்தான் அடிச்சுக்கிட்டு இருக்கேன். நடுவுல ஒங்க கட்டு வந்துச்சு, கை அதையும் அடிச்சுருச்சு. இப்பப் பிரிச்சா கிழியும். ஏன், தொங்குனா படிக்க மாட்டாகளாக்கும் ஒங்க வீட்டுல?"

பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த பெண் தலை தூக்காமலே சொன்னாள்: "கொண்டுபோயி மாட்டுங்க அண்ணாச்சி. வருசம் பூரா யானைதான். ராகு காலமே கெடையாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு காலண்டர் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணியில் இதை மாட்டினேன். முதல் தாளில் பஸ்ஸுக்கு நிற்கும் யானை. மகள் வந்து பார்த்தாள். சிவப்பு யானையைக் காட்டி "இது யாரு?" என்றாள். கலர் விலகிவிட்டது என்றேன். "இல்ல, அதோட அண்ணன்" என்று அவளே முடிவு செய்துகொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஊரில் தினசரி காலண்டர் இல்லாத வீடு கிடையாது. இருக்கிற வீட்டில் தாள் கிழிப்பது பிள்ளைகள் வேலை. காலையில் முகம் கழுவிவிட்டு நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும். முந்திக் கிழிக்கக் கூடாது, இரண்டாகக் கிழிக்கக் கூடாது. பெரியவர்கள் நல்ல நாள் பார்க்கத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் அதுவும் கூடாது. எங்கள் வீட்டில் அது மகளின் வேலை, ஒரு நாளும் தவறியதில்லை. மறுநாள் காலை நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது ஒரு கையில் தேதித் தாளும் மறு கையில் யானைத் தாளுமாக நின்றாள். சுவரில் வாழைமரம் தின்னும் ஆடு தொங்கியது.

"புத்தகத்தக் கிழிக்கலாமாட்டி?"

"இது புத்தகம் இல்லப்பா. காலண்டரு."

"சரி. அத எதுக்குக் கிழிச்ச?"

"யானை நேத்து. முடிஞ்சு போச்சுல்ல."

அன்று முழுவதும் எனக்கு அது உறுத்தியது. ஒரு துண்டுச் சீட்டையும் எறியாதவன் நான். அட்டை கிழிந்த புத்தகத்தைக் கண்டால் பசை தேடுகிறவன். என் கண்ணெதிரில் ஒரு புத்தகம் தினம் ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டு வரப்போகிறது. கழற்றி எடுத்து வைத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"கெடக்கு விடுங்க" என்றாள். "சிலேட்டத் தொட மாட்டேங்கா. இதையாவது தொடுதாளே."

மனைவி காலையில் சோறு கட்டி எடுத்துக்கொண்டு வேனுக்காக வாசலில் நிற்பாள். அந்த நேரத்தில் மகள் தாளைக் கிழித்ததும், "இன்னைக்கு என்ன போட்டிருக்கும்மா?" என்று இழுத்து வந்துவிடுவாள். மனைவி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வாசிப்பாள். நான்காம் வகுப்போடு நின்ற வாசிப்பு. ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்து, பிறகு வெளியே. "கோ... கோழிக்கு... ம... மழை..." அதற்குள் தெரு முனையில் வேன் ஹாரன் அடிக்கும். "மிச்சத்த நீ பாரு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

மிச்சத்தோடு மகள் சுவருக்கு முன்னால் நிற்பாள். நான் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டால், "வேண்டாம். நீங்க சடசடன்னு வாசிச்சிருவீக" என்பாள்.

இப்படியே ஆவணி போயிற்று. கிழித்த தாளைச் சட்டைப்பையில் மடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் காலையில் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். தியேட்டரில் இன்றைக்கு என்ன படம் என்று கேட்பது போல "இன்னைக்கு என்ன?" என்று கேட்பார்கள். அதில் ஒருத்தி ஒரு நாள் அடுத்த தாளைத் தூக்கிப் பார்க்கப் போனாள். மகள் அவள் கையில் ஒன்று போட்டாள். "நாளைக்கி உள்ளத இன்னைக்குப் பாத்தா கண்ணு போயிரும்." இதை யார் அவளுக்குச் சொன்னது என்று தெரியவில்லை. அவளே செய்த சட்டமாக இருக்கலாம்.

அவள் வாசிக்கிறாளா இல்லையா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்லலாம். அம்மா சொன்ன பாதியை வைத்து மீதியை ஊகிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டீச்சர் செய்தது போலத் தாளை மறைத்து ஒரு சொல்லைக் காட்டினேன். மகள் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய்விட்டாள். மறுநாள் காலை தாள் கிழிக்கவில்லை. அதற்கு மறுநாளும் கிழிக்கவில்லை. தேதிக் காலண்டரும் அப்படியே நின்றது.

"அந்தத் தாள்ல பரீட்சை வைக்காதீக" என்றாள் மனைவி. "பரீட்சை இல்லாததுனாலதான் அதுக்கிட்டப் போயிட்டு இருந்தா."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"தெரியுறப்பத் தெரியட்டும்."

ஆனால் அவளுக்கும் பொறுமை இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து மகள் நின்றுபோன தாள்களை ஒரே காலையில் கிழித்தாள். சட்டப்படி இரண்டாகக் கிழிக்கக் கூடாது. அதனால் ஒன்றைக் கிழித்து, சற்று நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து அடுத்ததைக் கிழித்தாள்.

எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அவளுடைய சாமர்த்தியம் மனப்பாடம். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், பிறகு எழுத்து அவளுக்குத் தேவையில்லை. ஒழுங்காகத் தைத்த புத்தகமாக இருந்திருந்தால் இரண்டு நாளில் முழுவதையும் ஒப்பித்திருப்பாள். இதில் நேற்றைய தாள் இன்று சுவரில் இல்லை. கதைகள் கலந்து கிடந்ததால், நேற்று யானை என்றால் இன்று யானை என்று நம்பவும் முடியாது. ஒப்பிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காலையும் அவளுக்குத் தெரியாத ஒரு வரி வந்து நின்றது. யாரும் யோசித்துச் செய்ததல்ல. விலகிப்போன சிவப்பு, மாற்றாத கத்தி, பழகிப்போன கை, எல்லாம் சேர்ந்து நடந்தது. புரிந்துவிட்டதால் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏன் உதவக்கூடும் என்பதுதான் புரிந்தது. உதவியதா என்பது தெரியவில்லை.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்கு முந்திய நாட்கள் கம்பெனிகளில் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடைசி லோடு போகிறவரைக்கும் வேன் விடியுமுன்னே வந்து நிற்கும். மனைவி போகும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். நானும் சீக்கிரம் போய்விடுவேன். பக்கத்து வீட்டு அக்காதான் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தார். காலையில் தாளை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. மகள் கிழிக்க மட்டும் கிழித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவதும் நின்றிருந்தது. கட்டு பாதிக்கு மேல் இளைத்துவிட்டது. இதுவும் ஓய்ந்துபோயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அரைப்பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு நாள் அச்சகத்தில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் கோளாறு. புரூஃப் வராததால் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குச் சற்று முன்னால்தான் மனைவி வந்திருந்தாள். முகம்கூடக் கழுவாமல் சேலையோடு தரையில் கையை மடித்து வைத்துப் படுத்திருந்தாள். அவளிடமிருந்து வெடிமருந்து வாசனை வந்தது. நான் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தேன். பேச ஒன்றும் மிச்சமில்லாத சாயங்காலம் அது.

மகள் பையை வைத்துவிட்டு வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். காலையில் பக்கத்து வீட்டு அக்கா அவசரப்படுத்தியதால் பழைய தாளைக் கிழித்தபடியே ஓடியவள், புதுத் தாளை அப்போதுதான் பார்க்கிறாள். உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடியும் அசைந்தன.

பிறகு சிரித்தாள்.

பெரிய சிரிப்பு அல்ல. மூக்கால் வந்த ஒரு சிரிப்பு. அப்புறம் அந்த வரியை மறுபடியும் பார்த்துவிட்டு இன்னொரு தடவை.

"எதுக்குட்டி சிரிக்க?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"ஆமைம்மா."

மனைவி கண்ணைத் திறந்து படுத்தபடியே சுவரைப் பார்த்தாள். "எங்கன இருக்கு ஆமை? ரோடுதான கெடக்கு."

நானும் பார்த்தேன். அந்தப் பக்கம் எனக்குத் தெரியும், நான் சரிபார்த்தது. காட்டு மிருகங்கள் எல்லாம் ஒரு கல்யாண விருந்துக்குப் போகிற கதையின் கடைசிப் பக்கம். படத்தில் ஒரு நீண்ட மண்ரோடு, ஒரு மரம், சிவப்பு விலகியதால் பக்கத்தில் இன்னொரு மரம். வேறு ஒன்றும் கிடையாது. அடியில் வரி: விருந்து முடிந்துவிட்டது, ஆமை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

"அதாம்மா" என்றாள் மகள். "சாப்பாடெல்லாம் முடிஞ்சு போச்சு. இது இன்னும் வந்துக்கிட்டே இருக்காம்." சொல்லும்போதே மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க வாசிச்சுக் காட்டுனீகளா?"

"நான் இப்பத்தான வந்தேன்."

"ஏ தாயி, பக்கத்து வீட்டுல யாரும் சொன்னாகளா?"

"யாரும் சொல்லல. நாந்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மகள் வெளியே விளையாடப் போய்விட்டாள். நாங்கள் ஏன் அவளையே பார்க்கிறோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மனைவி சுவருக்குக் கிட்டே போய் நின்று அந்த வரியைத் தானும் வாசித்தாள். எழுத்துக் கூட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. தகரப் பட்டையில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு அந்த டீச்சர்ட்ட ஒரு எட்டுப் போயிட்டு வாங்க."

"போயி என்ன சொல்ல?"

"சிரிச்சாள்னு சொல்லுங்க."

மறுநாள் மகள் கிழித்துக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு போனேன். தருவதற்கு அவளுக்கு மனமில்லை, சாயங்காலம் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். லட்சுமி அட்டை, பின் அடித்தது, கிழித்தது என்று நான் முன்பின்னாகச் சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. நடுவில் நிறுத்தி, "படத்துல ஆமையே இல்லையே சார்" என்றார்.

"இல்ல டீச்சர்."

"அப்ப வரிய வாசிச்சுத்தான் சிரிச்சிருக்கா."

"ஆமா டீச்சர்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை. திருப்பிப் படத்தைப் பார்த்தார். ஸ்கேலை எடுக்கவில்லை.

"பெரிய டீச்சர்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பிறகு, இந்த மாதிரித் தாள் இன்னும் கிடைக்குமா, வகுப்பில் இவளைப் போல இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். மிச்சமெல்லாம் பழைய பேப்பருக்குப் போய்விட்டது என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அவர் தலையை ஆட்டினார். மணி அடித்தது. பிள்ளைகள் முதல் பாடத்தைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் என் மகளின் குரலைத் தேடினேன், பிரித்துக் கேட்க முடியவில்லை. தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலைக்கு நடந்தேன்.